சந்தையை இடித்தால் விலை இறங்குமா? கானா நகரங்கள் சொல்லும் பாடம்

ஒரு நகரத்தின் குணத்தை அறிய வேண்டுமானால் அங்குள்ள மாட மாளிகைகளைப் பார்க்க வேண்டியதில்லை. விடியற்காலையில் அதன் சந்தையைப் பார்த்தால் போதும். சரக்கு எந்தத் திசையிலிருந்து வருகிறது, யார் சுமக்கிறார்கள், யார் கடன் கொடுக்கிறார்கள், எதை வைத்து அளக்கிறார்கள் என்ற நான்கு கேள்விகளுக்கு விடை கிடைத்துவிட்டால், அந்த ஊரின் வரலாற்றில் முக்கால் பங்கு கிடைத்துவிடும்.

மேற்கு ஆப்பிரிக்காவில் உள்ள கானா நாட்டை இதற்கு எடுத்துக்காட்டாகச் சொல்லலாம். அந்த நாட்டுக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்று உறுப்பினர்கள் கேட்கலாம். தூத்துக்குடித் துறைமுகத்தில் வந்திறங்கும் கச்சா முந்திரிக்கொட்டையில் ஒரு பகுதி கானா, ஐவரி கோஸ்ட் ஆகிய நாடுகளில் விளைந்ததுதான். நம் கடைகளில் 100 கிராம் பொட்டலமாக விற்கிற முந்திரிப் பருப்பு சில, குமாசிக்கு வடக்கேயுள்ள தோட்டங்களிலிருந்து கடல் கடந்து வந்தவையாக இருக்கலாம். ஆனால் இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது முந்திரி அல்ல. அந்த நாட்டின் நகரங்களில் வியாபாரிகளுக்கு நேர்ந்ததும், அதிலிருந்து நாம் கற்க வேண்டியதும்தான்.

ஊருக்கு ஒரு குணம்

தலைநகரான அக்ரா கடற்கரை ஊர். ஐரோப்பியர்கள் போட்டி போட்டுக் கொண்டு கோட்டை கட்டிய இடம். டச்சுக்காரர், ஆங்கிலேயர், டேனிஷ்காரர் மூவருக்கும் அடுத்தடுத்துக் கோட்டைகள் இருந்தன. 1877-இல் ஆங்கிலேயர் தங்கள் தலைநகரைக் கேப் கோஸ்டிலிருந்து இங்கே மாற்றினார்கள். அன்று முதல் இது இறக்குமதியாளரின் ஊர், உத்தியோகஸ்தரின் ஊர். துணி, அரிசி, சர்க்கரை, டின் மீன், சோப்பு என்று வெளியிலிருந்து வருவதெல்லாம் இங்கே மொத்தமாக இறங்கி, மகோலா சந்தையில் சில்லறையாகப் பிரிகிறது. ஐரோப்பாவிலிருந்து மூட்டை மூட்டையாக வரும் பழைய துணிக்கு மட்டுமே கண்டமாண்டோ என்று தனிச் சந்தை உண்டு.

அக்ராவுக்கு ஆழமான துறைமுகம் கிடையாது. கப்பல் தூரத்தில் நிற்க, சரக்கைப் படகில் ஏற்றி அலையோடு போராடிக் கரை சேர்த்த காலம் நெடுநாள் இருந்தது. 1957-இல் விடுதலை பெற்றபின் பிரதமர் குவாமே என்க்ருமா, கிழக்கே தெமாவில் புதிய துறைமுகத்தையும் புதிய நகரத்தையும் எழுப்பினார். துறைமுகம் 1962-இல் திறக்கப்பட்டது. தெமா அளந்து, கோடு போட்டுக் கட்டிய ஊர். அதன் பேட்டைகளுக்குப் பெயருக்குப் பதில் எண்கள்தான். ஆலை, கிடங்கு, லாரி இவையே அதன் முகம்.

மேற்கே செகொண்டி, டக்கராடி என்ற இரட்டை நகரம். 1928-இல் டக்கராடியில் நாட்டின் முதல் ஆழ்கடல் துறைமுகம் திறக்கப்பட்டது. இது ரயில்வே தொழிலாளர்களின் ஊர். 1961-இல் இவர்கள் செய்த வேலைநிறுத்தம் என்க்ருமா அரசையே ஆட்டிவைத்தது. 2007-இல் கடலில் எண்ணெய் கண்டுபிடிக்கப்பட்டு, 2010 டிசம்பரில் எடுக்கத் தொடங்கியதும், வீட்டு வாடகையும் கடை வாடகையும் ஏறின. எண்ணெய் கம்பெனியில் வேலை கிடைத்தவர்கள் சிலர். வாடகை ஏற்றத்தைச் சுமந்தவர்கள் எல்லோரும். ஊருக்கு அதிர்ஷ்டம் வரும்போது முதலில் உயர்வது சிறு கடைக்காரனின் வாடகைதான் என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

வடக்கே தமாலே. மசூதிகளும் மோட்டார் சைக்கிள்களும் நிறைந்த ஊர். சேனைக்கிழங்கு போல மண்ணுக்குள் விளையும் யாம் கிழங்கு, ஷியா வெண்ணெய், நெல், கினிக்கோழி ஆகியவை இந்தப் பகுதியின் சரக்கு. மழை தவறினால் இங்கே பிழைப்பும் தவறும். வடபகுதியின் இளம்பெண்கள் பலர் அக்ராவுக்கும் குமாசிக்கும் வந்து, அலுமினியத் தாம்பாளத்தைத் தலையில் வைத்துச் சந்தைச் சுமை தூக்குகிறார்கள். அவர்களுக்குக் ‘காயாயெய்’ என்று பெயர். தெற்கின் சந்தைகள் வடக்கின் கழுத்து வலுவில் நடக்கின்றன என்றால் மிகையில்லை.

குமாசியின் சந்தை ராணிகள்

இந்த எல்லாத் திசைகளும் கூடும் இடம் குமாசி. அசாந்தி மன்னர்களின் தலைநகரம். இன்றும் மன்னர் அங்கே அரண்மனையில் இருக்கிறார், மக்கள் மதிக்கிறார்கள். 1903-இல் கடற்கரையிலிருந்து ரயில் பாதை வந்து சேர்ந்தபின் கொக்கோவும் மரமும் தெற்கே போயின, துணியும் உப்பும் வடக்கே வந்தன. அதன் மத்தியச் சந்தை மேற்கு ஆப்பிரிக்காவின் மிகப் பெரிய சந்தைகளில் ஒன்று. பல்லாயிரம் பேர் அங்கே உட்கார்ந்து விற்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

அங்கே யாம் கிழங்குக்கு ஒரு ராணி, தக்காளிக்கு ஒரு ராணி என்று ஒவ்வொரு சரக்குக்கும் ஒரு தலைவி உண்டு. ‘ஒஹெம்மா’ என்று அழைப்பார்கள். அந்தச் சரக்கில் பழம் தின்று கொட்டை போட்ட மூத்த வியாபாரிகள் தங்களுக்குள் ஒருவரைத் தேர்ந்தெடுக்கிறார்கள். கடன் பாக்கித் தகராறு, அளவுத் தகராறு, லாரிக்காரரோடு வாடகைத் தகராறு எல்லாம் முதலில் அவரிடம் போகும். உறுப்பினர் வீட்டில் சாவு விழுந்தால் கூட்டிக்கொண்டு போவதும் அவரே. தானியம் அங்கே ‘ஒலொங்கா’ என்ற தகர டப்பாவில் அளக்கப்படுகிறது, நம் பழைய படியைப் போல. முத்திரைக் கோல் இல்லாத ஊரில் அளவை நம்ப வைப்பது அந்தத் தலைவியின் வாய்ச்சொல்தான். வாங்குகிறவனுக்கு அந்த நம்பிக்கை போனால் சந்தையே போச்சு என்பது அவர்களுக்குத் தெரியும்.

1979: மகோலாவில் நடந்தது

இனி விஷயத்துக்கு வருவோம். 1970-களின் கடைசியில் கானாவில் எதற்கும் தட்டுப்பாடு. 1978 முதல் ஒரு டாலருக்கு 2.75 செடி என்று அரசு விலை வைத்திருந்தது. கள்ளச் சந்தையிலோ அதைப்போல் பல மடங்கு. இறக்குமதி உரிமம் வேண்டியவர்களுக்கே கிடைத்தது. அரசு விலையில் சரக்கு எடுக்கச் செல்வாக்குள்ளவர்களுக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்கள். சீட்டு கைமாறக் கைமாற விலை ஏறிற்று. கொக்கோ விவசாயிக்குக் கட்டுப்படியாகவில்லை, எல்லை தாண்டிக் கடத்தினார்கள். இத்தனை கைகளையும் கடந்து கடைசியில் சரக்கு வந்து சேர்ந்த இடம் சந்தைப் பெண்ணின் பலகை. வாங்க வந்தவன் கண்ணில் பட்டது அந்த ஒரு முகம்தான்.

1979 ஜூன் 4-இல் விமானப்படை அதிகாரி ஜெர்ரி ராலிங்ஸ் தலைமையில் ராணுவத்தினர் ஆட்சியைப் பிடித்தார்கள். கட்டுப்பாட்டு விலைக்கு மேல் விற்றதாகச் சந்தைப் பெண்கள் சிலரைப் பொது இடத்தில் கசையால் அடித்தார்கள். ஆகஸ்ட் 18-இல், 1924 முதல் நடந்துவந்த மகோலா முதல் எண் சந்தையை வெடி வைத்தும் புல்டோசர் விட்டும் தரைமட்டமாக்கினார்கள். ஆயுட்கால முதல் ஒரே நாளில் மண்ணாயிற்று. அந்த இடம் பிறகு வாகனம் நிறுத்தும் இடமாயிற்று.

இதில் என்னை உறுத்துவது புல்டோசர் அல்ல. மக்களில் ஒரு பகுதியினர் அதை வரவேற்றார்கள் என்பதே. நேற்று வரை வாங்கித் தின்றவர்கள், இன்று கடை இடிவதைக் கண்டு மகிழ்ந்தார்கள்.

விலை இறங்கிற்றா? சில நாட்கள், பறிமுதல் செய்த சரக்கை அரசு விலையில் விற்றபோது இறங்கிற்று. அது தீர்ந்ததும் மறுபடி தட்டுப்பாடு. அடிமாட்டு விலைக்கு விற்க மனமில்லாத விவசாயி மூட்டையை ஊரிலேயே வைத்துக்கொண்டான். 1983-இல் வறட்சியும் காட்டுத்தீயும் வந்தன. அதே ஆண்டு நைஜீரியா வெளியேற்றிய கானா மக்கள் சுமார் 10 லட்சம் பேர் வந்து சேர்ந்தார்கள். பட்டினியால் துருத்திய கழுத்தெலும்புக்கு மக்கள் ‘ராலிங்ஸ் சங்கிலி’ என்று பெயர் வைத்தார்கள். சந்தையை இடித்ததால் பஞ்சம் வந்தது என்று சொல்ல மாட்டேன். ஆனால் இடித்ததால் பஞ்சம் நின்றுவிடவில்லை. 1981 இறுதியில் மீண்டும் ஆட்சிக்கு வந்திருந்த அதே ராலிங்ஸ், 1983-இல் பாதையை மாற்றி நாணய மதிப்பைக் குறைத்தார். விலைக் கட்டுப்பாடு படிப்படியாகத் தளர்ந்தது. சரக்கு மெல்ல மெல்லக் கடைக்குத் திரும்பிற்று. மகோலாவின் பெண்களும் அக்கம்பக்கத் தெருக்களில் மறுபடி கடை விரித்தார்கள். இன்றும் அக்ராவின் வியாபார இதயம் மகோலாதான்.

நமக்கு என்ன?

பதுக்கியவர்கள் அங்கே இல்லவே இல்லை என்று வாதாட முடியாது. இருந்தார்கள். அந்த நாட்டில் அதற்கென்றே ‘கலபுலே’ என்று ஒரு சொல் வழங்கிற்று. ஆனால் சீட்டு எழுதிக் கொடுத்தவனின் பங்களா இடிபடவில்லை. பலகை போட்டு உட்கார்ந்தவளின் கடை இடிந்தது. சங்கிலியின் கடைசிக் கண்ணியில் நிற்பவன்மீதுதான் பழி விழும். நாமும் அந்தக் கடைசிக் கண்ணியில்தான் நிற்கிறோம். பருப்பு விலை ஏறினாலும், வெங்காயம் ஏறினாலும், வாடிக்கையாளர் முறைப்பது ஏற்றுமதிக் கொள்கையை அல்ல, நம் தராசைத்தான்.

ஆகவே விலை ஏறும் நாட்களில் வாய் திறக்காமல் இருப்பது நமக்கே ஆபத்து. கொள்முதல் விலை என்ன, லாரி வாடகை என்ன, வரி என்ன, நமக்கு நிற்பது என்ன என்று வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும். அடக்க விலையை ரகசியமாக வைத்தால், லாபத்தை அவர்களே பத்து மடங்காகக் கற்பனை செய்துகொள்வார்கள்.

இரண்டாவது, நம் வீட்டுக் குப்பையை நாமே பெருக்க வேண்டும். எடை குறைக்கிறவனையும், தட்டுப்பாட்டில் பதுக்குகிறவனையும் சங்கம் கூப்பிட்டுக் கண்டிக்காவிட்டால், ஒருவன் செய்ததற்கு ஊர்க் கடைகள் அத்தனையும் பதில் சொல்ல நேரும். குமாசியின் சந்தை ராணி செய்வதை நம் சங்க நிர்வாகிகள் செய்யக்கூடாதா?

மூன்றாவது, அதிகாரிகளோடு பேசுகிற வழியை அடைத்துவிடக் கூடாது. 2021 ஜூலையில் அக்ராவின் அக்போக்ப்ளோஷி வெங்காயச் சந்தையை நகருக்கு வெளியே அட்ஜென் கோட்டோகுவுக்கு மாற்றினார்கள். இடம் தூரம் என்ற குறை இருக்கத்தான் செய்தது. ஆனாலும் சந்தைத் தலைவர்களை உட்கார வைத்துப் பேசியபின் நடந்த மாற்றம் அது. 1979-இல் பேசியது வெடிமருந்து மட்டுமே.

நெருப்பையும் மறக்கக் கூடாது. குமாசியில் புதிதாகக் கட்டிய கெஜெட்டியா சந்தையில் 2023 மார்ச்சில் தீப்பிடித்தது. கண்டமாண்டோ 2025 ஜனவரி தொடக்கத்தில் எரிந்து, ஆயிரக்கணக்கானோர் முதலை இழந்தார்கள். மின் இணைப்பைச் சோதிப்பதும், கடைக்கும் சரக்கிற்கும் காப்பீடு செய்வதும் வீண் செலவு என்று நினைப்பவர்கள் இதை மனதில் வைக்கட்டும்.

ராணுவம் வரும் போகும், ஆட்சி வரும் போகும். மக்கள் மனதில் நமக்கு நல்ல பெயர் இருக்கும் வரை எந்தப் புல்டோசரும் கடை வாசலில் தயங்கி நிற்கும். அந்தப் பெயரைச் சம்பாதிக்கும் இடம் கல்லாப்பெட்டி அல்ல, தராசு முள்தான்.