பதிவுகளுக்குள் வளரும் பிள்ளைகள்: தரவுக் கல்வி கடவுச்சொல்லுடன் முடிகிற பாடமா?

15 வயதை அடைந்த மாணவி ஒருத்தி பாடசாலை அதிபர் ஊடாகத் தேசிய அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கிறாள். அவளுக்குக் கிடைக்கும் அட்டையில் 12 இலக்கங்கள் இருக்கும். முதல் நான்கும் அவள் பிறந்த ஆண்டு. அடுத்த மூன்றும் அந்த ஆண்டின் எத்தனையாவது நாளில் பிறந்தாள் என்பதைக் காட்டும். பெண் என்றால் அந்த எண்ணுடன் 500 கூட்டப்படும். 2010 பெப்ரவரி 1 ஆம் திகதி பிறந்த பெண்பிள்ளையின் இலக்கம் 2010532 என்று தொடங்கும், ஆண்பிள்ளையினது 2010032 என்று தொடங்கும். வெறும் இலக்கம்தானே என்று நாம் எவரிடமும் சொல்லிவிடுகிற ஒன்றில் வயது, பிறந்தநாள், பால் மூன்றும் அடங்கியிருக்கின்றன. அந்த அட்டையின் பிரதியைத் தொலைபேசிக் கடையில் கொடுக்கிறோம், போட்டோப்பிரதி எடுக்கும் கடையில் மறந்துவிட்டு வருகிறோம்.

ஒரு பாடவேளை போதும், இதைச் சொல்லிக் கொடுக்க. ஆனால், எமது பாடசாலைகளில் தரவுப் பாதுகாப்பு என்ற பெயரில் பெரும்பாலும் சொல்லப்படுவது வேறு: கடவுச்சொல்லைப் பகிராதே, தெரியாதவருடன் பேஸ்புக்கில் பேசாதே, படம் அனுப்பாதே. இவை தேவையற்றவை அல்ல. படத்தை வைத்து மிரட்டப்பட்டுப் படிப்பை நிறுத்திய பெண்பிள்ளைகளைப் பற்றி அறியாத ஊர் இன்று குறைவு. என்றாலும் இந்த அறிவுரைகள் எல்லாம் ஆபத்து எப்போதும் அந்நியரிடமிருந்தே வருகிறது என்று வைத்துக்கொள்கின்றன. வடக்கு கிழக்கில் ஒரு பிள்ளையைப் பற்றிய மிக நுண்மையான தகவல்களைத் திரட்டுவது யார் என்று பார்த்தால் பாடசாலை, ரியூசன் நிலையம், தொண்டு நிறுவனம், அரச அலுவலகம் என்று பிள்ளை நம்பவேண்டியவர்களின் பெயர்களே வரும்.

உதவி வழங்கும் நிகழ்வுகளை எடுத்துக்கொள்வோம். மிதிவண்டி, புத்தகப்பை, காலணி, மாதாந்தக் கொடுப்பனவு. புலம்பெயர்ந்த உறவுகளின் இந்த உதவி இல்லையென்றால் போருக்குப் பின் பல பிள்ளைகள் பாடசாலைப் பக்கமே போயிருக்கமாட்டார்கள். அதைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் உதவியுடன் ஒரு படமும் எடுக்கப்படுகிறது. படத்தின் கீழ் பிள்ளையின் முழுப்பெயர், பாடசாலை, வகுப்பு, கிராமம், தந்தை எப்படி இறந்தார் அல்லது எங்கே காணாமல் ஆக்கப்பட்டார், தாய் என்ன கூலிவேலை செய்கிறார், வீட்டுக்குக் கதவு இருக்கிறதா என்பது வரை எழுதப்படுகிறது. அண்மைக்காலத்தில் இது யூடியூப் காணொளியாகவும் வளர்ந்துவிட்டது. வீட்டுக்குள் கமெரா நுழைகிறது. தாய் அழவேண்டும், பிள்ளை பக்கத்தில் நிற்கவேண்டும்.

கணக்குக் காட்டவேண்டும், பணம் உரியவரிடம் போனதா என்று கொடையாளர் அறியவேண்டும் என்பது நியாயம்தான். அதற்குப் பற்றுச்சீட்டும் அதிபரின் கடிதமும் போதாதா? பத்து வயதில் எடுக்கப்பட்ட அந்தப் படம் இருபது வயதில் அவள் பல்கலைக்கழகம் போகும்போதும், வேலைக்கு விண்ணப்பிக்கும்போதும், திருமணப் பேச்சு நடக்கும்போதும் பெயரைத் தட்டினால் வந்து நிற்கும். இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். ஆண்துணை இல்லாத வீடு எது, எந்தக் கிராமத்தில் இருக்கிறது, அங்கே எத்தனை பெண்பிள்ளைகள் என்ற தகவலையும் நாமே உலகுக்குச் சொல்லிவிடுகிறோம்.

ரியூசன் நிலையங்களின் பதாகைகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. புலமைப்பரிசில் பெறுபேறு வந்த மறுநாள் சந்திக்குச் சந்தி தொங்கும். வகுப்பு வட்ஸ்அப் குழுக்களில் புள்ளிப் பட்டியல் போடப்படுகிறது. கடைசியில் நிற்கும் பிள்ளையின் பெயரும் அதில்தான் இருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது? 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், பிள்ளைகள் பற்றிய தரவுகளை விசேட பாதுகாப்புக்குரிய வகைக்குள் சேர்க்கிறது. இனம், மதம், அரசியல் கருத்து, கைரேகை போன்ற உயிரளவைத் தகவல்கள், உடல்நலம் ஆகியனவும் அதே வகைதான். ஆனால், 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவிருந்த அதன் முக்கிய பகுதிகள் பிற்போடப்பட்டன. தேசிய பாதுகாப்பு, பொதுமக்கள் பாதுகாப்பு என்ற காரணங்களுக்காக விலக்களிக்கவும் சட்டத்தில் இடமுண்டு. அந்த இரண்டு சொற்களும் எங்கள் பகுதிகளில் எதையெல்லாம் மூடப் பயன்பட்டன என்பதை இந்த வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. இதற்கிடையில் முகம், கருவிழி, கைரேகை மூன்றையும் பதிவுசெய்யும் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் இந்திய உதவியுடன் முன்னெடுக்கப்படுகிறது. பாதுகாப்பு மெதுவாக வருகிறது, பதிவு வேகமாக வருகிறது.

தரவு என்ற சொல் புதிதாக இருக்கலாம், அதன் ஆபத்து எமக்குப் புதிதல்ல. 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர் வீடுகளைத் தேடி வந்தவர்களின் கைகளில் வாக்காளர் இடாப்புகள் இருந்தன. வாக்களிப்பதற்காகக் கொடுத்த பெயரும் முகவரியும் வேறொன்றுக்குப் பயன்பட்டன. 2007 ஜூன் 7 ஆம் திகதி கொழும்பு விடுதிகளில் தங்கியிருந்த நூற்றுக்கணக்கான தமிழர்கள் பேருந்துகளில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் அதை இடைநிறுத்தியது. போர் முடிந்த பின்னர் யாழ்ப்பாணத்திலும் கிளிநொச்சியிலும் படையினர் வீடுவீடாகக் குடும்பப் பதிவு செய்தபோது தமிழ்த் தேசியக் கூட்டமைப்பின் நாடாளுமன்ற உறுப்பினர்கள் உயர் நீதிமன்றம் சென்றார்கள். 2011 மார்ச்சில் அந்தப் பதிவு நிறுத்தப்படும் என்று சட்டமா அதிபர் தரப்பு நீதிமன்றில் உறுதியளித்தது. ஒரு காரணத்துக்காகச் சேகரிக்கும் தகவலை இன்னொரு காரணத்துக்குப் பயன்படுத்தக்கூடாது என்பது தரவுப் பாதுகாப்பின் அடிப்படை விதி. இதை ஐரோப்பிய உதாரணம் காட்டிப் படிப்பிக்கவேண்டிய தேவை எமது ஆசிரியர்களுக்கு இல்லை.

ஆனால், அச்சத்தை மட்டும் கையளித்தால் பிள்ளைகள் எல்லாப் பட்டியல்களிலிருந்தும் ஒளிந்துகொள்ளவே பழகுவார்கள். எங்களுக்கு எதிராகப் பயன்பட்ட அதே எண்கள்தான் எங்களிடம் எஞ்சியிருக்கும் சாட்சியமும்கூட. 2011 ஜனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு ஜோசப் ஆண்டகை கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் வைத்த கணக்கை நினைத்துப் பாருங்கள். கச்சேரிப் புள்ளிவிபரப்படி 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தவர்கள் 429,059 பேர். அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்து சேர்ந்தவர்களாக ஐ.நா. பதிவுசெய்தது 282,380 பேர். மீதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று அவர் கேட்டார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்யக்கூடிய கழித்தல். அவர் எல்லோரும் கொல்லப்பட்டார்கள் என்று சொல்லவில்லை, கணக்கில் வராதவர்களுக்குப் பொறுப்புக் கேட்டார். அந்த வேறுபாட்டைப் புரிந்துகொள்வது, எண் எங்கிருந்து வந்தது, யார் எண்ணினார்கள், எந்தத் திகதியில் எண்ணினார்கள் என்று கேட்பது, இதுதான் தரவு அறிவு. உயர்தர மாணவர்களுக்கு இதைவிடக் கனமான பயிற்சியை எந்தப் பாடநூலும் தரப்போவதில்லை.

படிவங்களையும் இப்படி வாசிக்கப் பழக்கவேண்டும். தந்தை உயிருடன் இருக்கிறாரா, இறந்துவிட்டாரா என்று இரண்டு பெட்டிகள் மட்டுமே உள்ள படிவத்தில் காணாமல் ஆக்கப்பட்டவரின் பிள்ளை எதில் புள்ளடி போடுவது? தாய் வீதியில் இருந்து மரணச் சான்றிதழ் வேண்டாம் என்று போராடும்போது, பிள்ளை வகுப்பறையில் இறந்துவிட்டார் என்று எழுதிக் கொடுக்கிறது. 2016 ஆம் ஆண்டிலிருந்து காணப்படாமைச் சான்றிதழ் பெறுவதற்குச் சட்டத்தில் வழியிருக்கிறது. மூன்றாவது பெட்டி ஒன்றைச் சேர்ப்பதற்கு வர்த்தமானி தேவையில்லை.

நடைமுறையில் இதை யார் படிப்பிப்பது என்ற கேள்வி இருக்கிறது. சாதாரண தரத்தில் தகவல் தொழில்நுட்பம் விருப்பத்துக்குரிய பாடம், எல்லோரும் எடுப்பதில்லை. குடியியல் பாடத்திலும் கணித பாடத்தின் புள்ளிவிபர அலகிலும் இதற்கு இடம் இருக்கிறது. ஆசிரியர்களின் தயக்கமும் புரிந்துகொள்ளக்கூடியதே. வாக்காளர் இடாப்பைப் பற்றி வகுப்பில் பேசிய ஆசிரியரைப் பற்றிய தகவல் யாரிடம் போகும் என்பது அவருக்கும் தெரியும். சீருடையுடன் வருபவர் படிவம் நீட்டினால் ஏன் என்று கேள் என 12 வயதுப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுத்து, அந்தச் சுமையைப் பிள்ளையின் தலையில் வைப்பதும் சரியல்ல. அங்கே கேட்கவேண்டியவர் அதிபர்.

அதிபரிடமிருந்தும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமிருந்தும் தொடங்கக்கூடிய ஒரு விடயம் உண்டு. அடுத்த உதவி வழங்கும் நிகழ்வுக்கு முன்னர், முகமும் முழுப்பெயரும் குடும்ப வரலாறும் வெளியே போகாது என்ற ஒரே நிபந்தனையைக் கொடையாளரிடம் எழுத்தில் கேட்கலாம். சிலர் உதவியை வேறு பாடசாலைக்குக் கொண்டுபோகக்கூடும். வலயத்திலுள்ள பாடசாலைகள் சேர்ந்து கேட்டால் அவர்கள் கொண்டுபோக வேறு பாடசாலை இருக்காது.