புயல் கடலோரத்துக்கு மட்டும் வருவதில்லை: தென்காசி வீடுகளும் ஜமாஅத்துகளும் கவனிக்க வேண்டியவை

வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் புயல் எச்சரிக்கை வந்தால் தென்காசி, கடையநல்லூர், செங்கோட்டை, வடகரைப் பகுதி வீடுகளில் ஒரு பேச்சு அடிபடும். "அது கடற்கரை ஊர்களுக்கு, நமக்கு மலை காவலா நிக்குது." நெடுங்காலமாக நம்மை நிம்மதியாகத் தூங்க வைத்த பேச்சு இது. கடந்த சில ஆண்டுகளில் நடந்தவற்றைப் பார்த்தால் இந்த நிம்மதிக்கு அடிப்படை இல்லை என்றே சொல்ல வேண்டியிருக்கிறது.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கி புயல் குமரிக் கடலைக் கடந்தபோது கன்னியாகுமரி மாவட்டம் உருக்குலைந்தது. நூற்றுக்கணக்கான மீனவக் குடும்பங்கள் தங்கள் ஆண்களை இழந்தன. அதே நாளில் குற்றால மலையிலும் பேய்மழை கொட்டி அருவிகளில் வெள்ளம் பாய்ந்தது. அடுத்து 2023 டிசம்பர் 17, 18. தூத்துக்குடி, திருநெல்வேலி, தென்காசி, கன்னியாகுமரி ஆகிய நான்கு மாவட்டங்களையும் புரட்டிப்போட்ட அந்த மழைக்கு ஒரு பெயர்கூடக் கிடையாது. அது புயலும் அல்ல, புயல் சின்னமும் அல்ல. குமரிக்கடல் பகுதியில் நிலவிய வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி மட்டுமே. அந்தப் பெயரில்லாத சுழற்சிதான் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழையைக் கொட்டியது. ஓராண்டில் பெய்ய வேண்டியதைவிட அதிகமான மழை ஒரு இரவு, ஒரு பகலில் பெய்துவிட்டது. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் வெள்ளத்துக்கு நடுவே நின்றுபோனதும், சுமார் 800 பயணிகள் தவித்ததும் அப்போதுதான்.

பெயர் வைத்த புயலுக்காகக் காத்திருப்பது தவறு என்பதே நாம் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் செய்தி. தொலைக்காட்சியில் புயலின் பெயரும் வரைபடமும் வந்தால்தான் நாம் மெழுகுவர்த்தி வாங்குகிறோம். வங்கக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் முட்டி மேலே ஏறும்போது, சாதாரணமான ஒரு சுழற்சியே போதும், மலையடிவார ஊர்களில் வானம் பிய்த்துக்கொண்டு ஊற்றும். 2024 டிசம்பர் 12, 13 தேதிகளில் மாஞ்சோலை மலையில் ஊத்துப் பகுதியில் 24 மணி நேரத்தில் சுமார் 50 செ.மீ. மழை பதிவானது. சிற்றாறு கரைபுரண்டது, குற்றாலம் பேரருவியை நெருங்கவே முடியவில்லை. மலை நமக்குக் காவலாக நிற்பது உண்மைதான். ஆனால் மழையை நம் தலைமேல் இறக்கி வைப்பதும் அதே மலைதான்.

குற்றாலத்துக்கு வரும் வெளியூர்க் குடும்பங்களும் இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும். 2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் திடீரென்று காட்டாற்று வெள்ளம் வந்தது. அடித்துச் செல்லப்பட்ட 17 வயதுச் சிறுவன் உயிரிழந்தான். அது சீசன்கூட இல்லை. மலைக்கு மேலே பெய்த மழை கீழே குளித்துக்கொண்டிருந்தவர்களுக்குத் தெரியவில்லை. அருவி நீர் செம்மண் நிறமாக மாறினாலோ, இலையும் சுள்ளியும் சேர்ந்து வந்தாலோ, இரைச்சல் திடீரென்று கூடினாலோ, செருப்பையும் துணியையும் தேடாமல் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓடிவிட வேண்டும். பெருநாள் விடுமுறையில் வேன் பிடித்துப் போகிறவர்கள், போலீஸ் தடை போட்டிருந்தால் "இவ்வளவு தூரம் வந்துட்டோமே" என்று மன்றாடுவதை விட்டுவிட வேண்டும்.

2023 வெள்ளத்துக்குப் பிறகு, முன்னெச்சரிக்கை சரியாகத் தரப்பட்டதா என்று மாநில அரசும் ஒன்றிய அரசும் மாறிமாறிக் குற்றம் சாட்டிக்கொண்டன. வானிலை மையத்தின் கணிப்பு பெய்த அளவைச் சொல்லவில்லை என்றார் முதல்வர். 12-ஆம் தேதியே எச்சரித்துவிட்டோம் என்றார் ஒன்றிய நிதியமைச்சர். அந்த விவாதத்தில் இறங்குவது நம் நோக்கமல்ல. படுத்த படுக்கையான தாயும் கைக்குழந்தையும் இருக்கிற ஒரு வீட்டுக்கு, மழை பெய்யத் தொடங்கிய பிறகு வரும் சிவப்பு எச்சரிக்கை பெரிதாக உதவாது. ஆகவே ஆரஞ்சு எச்சரிக்கை வரும்போதே நாம் தயாராகிவிட வேண்டும் என்பதே நம் கருத்து.

நம் பகுதிக்கு இன்னொரு தனித்தன்மை உண்டு. கடையநல்லூர், பொட்டல்புதூர், வடகரை போன்ற ஊர்களில் ஏராளமான வீட்டு ஆண்கள் வளைகுடாவில் இருக்கிறார்கள். இங்கே இருப்பது பெண்களும் முதியவர்களும் பிள்ளைகளும். மெயின் சுவிட்ச் எங்கே இருக்கிறது, அதை எப்படி இறக்குவது என்பதே தெரியாத வீடுகள் பல. இதைச் சொல்லித்தர அதிக நேரம் ஆகாது. துபாயிலும் ரியாத்திலும் இருக்கிற சகோதரர்கள் இன்று இரவு வீடியோ காலில் செய்யக்கூடிய வேலை இது.

மழை விட்ட பிறகும் ஆபத்து உண்டு. இதைப் பலர் நம்புவதில்லை. மண்சுவர் வீடும் பழைய ஓட்டு வீடும் மழையின்போது நின்றுவிடலாம். ஆனால் ஊறிய சுவர் மழை விட்ட பிறகும் சரியலாம். தூங்கும் பாயை அந்தச் சுவரை ஒட்டி விரிக்கக் கூடாது. அடுத்தது கரண்ட். தெருவில் கரண்ட் இல்லை, அதனால் வீட்டு ஒயரிலும் இருக்காது என்று நினைத்துவிடுகிறோம். இன்வெர்ட்டர் வைத்திருக்கும் வீட்டில் பேட்டரி வழியாக மின்சாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். வெளிநாட்டுக் காசில் கட்டிய நம் வீடுகளில் இன்வெர்ட்டர் இல்லாத வீடு எத்தனை? தண்ணீர் வீட்டுக்குள் வரும் என்று தெரிந்ததுமே மெயினையும் இன்வெர்ட்டரையும் அணைத்துவிட வேண்டும். தண்ணீருக்குள் நின்றுகொண்டு எந்த சுவிட்சையும் தொடக் கூடாது. அறுந்து கிடக்கும் கம்பியைக் குச்சியால் தள்ளிவிடும் வீரமும் வேண்டாம். மின்னகத்தின் 9498794987 என்ற எண்ணுக்குச் சொல்லிவிட்டு, தெருவில் யாரும் நடக்காமல் பார்த்துக்கொள்வதே போதும். கேஸ் வாடை வந்தால் ரெகுலேட்டரை மூடி, சன்னல்களைத் திறந்து, விளக்கையோ மின்விசிறியையோ போடாமல் வெளியே வந்து 1906-க்கு அழைக்க வேண்டும்.

தண்ணீர் விஷயத்தில் ஆலிம்கள் என்ற முறையில் நாம் தனியாக ஒன்று சொல்லியாக வேண்டும். வெள்ளத்துக்குப் பிறகு, "கிணற்றுத் தண்ணீர் கலங்கியிருக்கிறது, ஒளூ செய்யலாமா?" என்று கேட்கிறவர்கள் அநேகம். மண்ணாலும் இலைதழையாலும் கலங்கிய நீர் சட்டப்படி தூய்மையானதுதான். சாக்கடை கலந்து நிறமோ மணமோ சுவையோ மாறியிருந்தால் அது நஜீஸ். இந்தச் சட்டம் தொழுகைக்கானது. ஒளூவுக்குச் செல்லும் என்பதால் அந்தத் தண்ணீர் குடிக்கவும் ஏற்றதாகிவிடாது. தெளிந்த நீரிலும் காலரா, மஞ்சள் காமாலை, டைபாய்டு கிருமிகள் இருக்கும். வெள்ளம் புகுந்த கிணற்றையும் தொட்டியையும் இறைத்துக் கழுவி, சுகாதாரப் பணியாளர் சொல்லும் அளவில் ப்ளீச்சிங் பவுடர் போட வேண்டும். அதுவரை கொதிக்க வைத்த தண்ணீர் மட்டுமே குடிக்க வேண்டும். பள்ளிவாசல் ஹவுளுக்கும் இதே கவனம் தேவை. நூறு பேர் வாய் கொப்பளிக்கும் இடம் அது.

எலிச் சிறுநீர் கலந்த தேங்கிய நீரில், காலில் புண்ணோடு நடப்பவர்களுக்கு எலிக்காய்ச்சல் வரும். ஒன்றிரண்டு வாரம் கழித்துக்கூடக் காய்ச்சலும், கெண்டைக்கால் வலியும், கண் சிவப்பும் வரலாம். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுச் சமாளிக்காமல் மருத்துவரிடம் போய், "வெள்ளத்தில் நடந்தேன்" என்று சொல்ல வேண்டும். அந்த ஒரு வார்த்தை நோயைக் கண்டுபிடிக்க உதவும். பாம்புகளும் மேட்டைத் தேடி வீட்டுக்குள் வரும். கடித்தால் கட்டுப் போடுவதும் கீறிவிடுவதும் ஓதிப் பார்த்துக்கொண்டு நேரம் கழிப்பதும் கூடாது. ஓதுவதை ஆம்புலன்சில் போகும்போது ஓதலாம், தடையில்லை.

அரசு உதவி பற்றி. 2023 வெள்ளத்தில் கடுமையாகப் பாதிக்கப்பட்ட நெல்லை, தூத்துக்குடி வட்டங்களுக்குக் குடும்ப அட்டைக்கு 6,000 ரூபாயும், தென்காசி, கன்னியாகுமரி மாவட்டங்களுக்கு 1,000 ரூபாயும் அறிவிக்கப்பட்டன. உயிரிழப்புக்கு 5 லட்சம், கறவை மாட்டுக்கு 37,500, ஆட்டுக்கு 4,000 என்று இழப்பீடும் உயர்த்தப்பட்டது. பணம் ரேஷன் கடை வழியாகவே வந்தது. அட்டையைப் புதுப்பிக்காமலும், திருமணமாகிப் போன மகளின் பெயரை மாற்றாமலும் விட்டுவைத்திருப்பவர்கள் இப்போதே சரிசெய்துகொள்ளட்டும். வீடு இடிந்தால் துப்புரவு செய்வதற்கு முன் போட்டோ எடுத்து, கிராம நிர்வாக அலுவலருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். சுத்தம் செய்து முடித்த பிறகு சேதத்தை நிரூபிப்பது கடினம். பாஸ்போர்ட், பத்திரம், நிக்காஹ் சான்று எல்லாவற்றையும் பாலித்தீன் உறையில் போட்டு மேல் அலமாரியில் வைப்பது ஐந்து நிமிட வேலை.

சொல்லச் சங்கடமான ஒன்றும் இருக்கிறது. சுவர் இடிந்தோ மின்சாரம் தாக்கியோ ஒருவர் மௌத்தானால், நம்மில் பலர் காவல் நிலையத்துக்குச் சொல்லாமல், பிரேதப் பரிசோதனைக்கு அஞ்சி, உடனே அடக்கம் செய்துவிடுகிறோம். இழப்பீட்டுக்குப் பொதுவாகக் காவல்துறைப் பதிவும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் கேட்கப்படுகின்றன. அவை இல்லாததால் அநாதைப் பிள்ளைகளுக்கு வர வேண்டிய உரிமை போய்விடும். ஜனாஸாவை விரைவுபடுத்துவது மார்க்கம் வலியுறுத்துவதுதான். ஆனால் சட்டத்தின் தேவைக்காகச் செய்யப்படும் பரிசோதனையை நிர்பந்தத்தின் அடிப்படையில் உலமாக்கள் பலர் அனுமதித்திருக்கிறார்கள். எத்தீம்களின் உரிமையைக் காப்பதும் மார்க்கம்தான். அந்த நேரத்தில் மருத்துவமனைக்கும் காவல் நிலையத்துக்கும் ஓடி, தாமதத்தைக் குறைப்பது ஜமாஅத் நிர்வாகிகளின் பொறுப்பு.

இத்தாவில் இருக்கும் பெண்களைப் பற்றியும் கேள்விகள் வருகின்றன. வீடு இடியும், வெள்ளம் புகும் என்ற அச்சம் இருந்தால் இத்தாவில் இருப்பவர் வேறு பாதுகாப்பான இடத்துக்குச் செல்லலாம். ஷாஃபி, ஹனஃபி இரண்டு மத்ஹபுகளின் நூல்களிலும் இது தெளிவாகவே உள்ளது. வெளிநாட்டில் இருக்கும் கணவர் போனை எடுக்கவில்லை என்பதற்காக, வெளியேறச் சொல்லி அதிகாரிகள் வந்து நிற்கும்போது ஒரு பெண் பிள்ளைகளோடு உள்ளேயே இருப்பதும் மார்க்கம் கேட்கும் கட்டுப்பாடு அல்ல. கடும் மழையில் ஜமாஅத்துக்கும் ஜும்ஆவுக்கும் வராமல் வீட்டிலேயே தொழுதுகொள்ளச் சலுகை உண்டு. நபி (ஸல்) அவர்கள் காலத்திலேயே மழை இரவுகளில் பாங்கோடு சேர்த்து அப்படி அறிவிக்கப்பட்டிருக்கிறது. நம் பள்ளிகளில் அதை அறிவிக்க ஏனோ தயங்குகிறார்கள்.

முகாம்களுக்குப் பெண்கள் போகாததற்குப் பெரும்பாலும் காரணம் கழிப்பறையும் மறைவும் இல்லாததுதான். மதரஸா கட்டடங்களில் பெண்களுக்கென்று தனி மாடி, கழிப்பறை, விளக்கு ஆகியவற்றை மழைக்கு முன்பே ஜமாஅத்துகள் தயார் செய்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். 2023 வெள்ளத்தில் செல்போன் கோபுரங்கள் செயலிழந்து பல ஊர்கள் துண்டிக்கப்பட்டன. அப்படிப்பட்ட நேரத்தில் பேட்டரியில் ஓடும் பள்ளிவாசல் மைக் முழு ஊருக்கும் எச்சரிக்கை மணியாகும். முஹல்லாவில் டயாலிசிஸ் நோயாளி யார், நிறைமாதக் கர்ப்பிணி யார், தனியாக இருக்கும் முதியவர் யார் என்ற பட்டியல் ஒன்று பேஷ் இமாமிடமும் இளைஞர்களிடமும் இருக்க வேண்டும்.

அதே வெள்ளத்தில் செய்துங்கநல்லூர் பள்ளிவாசல் இந்துக் குடும்பங்களுக்குக் கதவைத் திறந்து தங்கவைத்தது. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு மாட்டிக்கொண்ட பயணிகளுக்குப் புதுக்குடி கிராமத்து மக்கள், தாங்களே தவித்த நிலையிலும், சமைத்துப் போட்டார்கள். இதில் நமக்கு ஒரு கணக்குத் தெளிவு வேண்டும். ஜகாத் நிதி அதற்குரிய எட்டு வகையினருக்கு உரியது. எல்லா மக்களுக்குமான வெள்ள நிவாரணத்துக்கு ஸதகா நிதியைத் தனியாக ஒதுக்கி வைத்திருந்தால், தண்ணீர் வரும் நாளில் "இதை அவங்களுக்குக் கொடுக்கலாமா" என்ற வாக்குவாதம் எழாது. உதவி வாங்குகிறவர் முகத்தைப் படமெடுத்து ஸ்டேட்டஸ் போடுவதையும் கிழிந்த துணிகளை மூட்டை கட்டி அனுப்புவதையும் தயவுசெய்து நிறுத்துவோம்.

வீட்டுச் சுவரில் எழுதி வைக்க வேண்டிய எண்கள்: மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநிலக் கட்டுப்பாட்டு அறை 1070, ஆம்புலன்ஸ் 108, தீயணைப்பு 101, எந்த அவசரத்துக்கும் 112. போனில் மட்டும் பதிந்து வைத்தால் சார்ஜ் தீர்ந்ததும் அவையும் போய்விடும். ஆகவே பேனாவால் காகிதத்தில் எழுதி, மெயின் சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். வளைகுடாவில் இருப்பவர்களும் 04633 என்ற தென்காசி எஸ்.டி.டி. குறியீட்டோடு பக்கத்து வீட்டின் எண்ணையும் பள்ளிவாசல் எண்ணையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.