முதலில் தட்ட வேண்டிய கதவு

 

குடும்பத்தார் அனைவரும் படிக்கும் பத்திரிகையில் இப்படியொரு விஷயத்தை எழுதலாமா என்று சிலர் முகம் சுளிக்கக்கூடும். ஆயினும் எழுதியே தீர வேண்டியிருக்கிறது. பலாத்காரத்துக்கு ஆளான ஒரு பெண்ணுக்கு, உற்றாரின் அறியாமையால் வீணாகும் ஒவ்வொரு மணி நேரமும் இரண்டாவது கேடாக அமைந்துவிடுகிறது.

இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியின் தறிகளில் நெய்யப்படும் பேண்டேஜ் துணி எங்கெங்கோ உள்ள மருத்துவமனைகளுக்குச் செல்கிறது. பிறர் காயத்துக்குக் கட்டுத்துணி நெய்து தரும் இந்த வட்டாரத்தில், நம் வீட்டுப் பெண்ணுக்கு இப்படியொரு காயம் நேர்ந்தால் நாம் என்ன செய்வோம்? கதவைச் சாத்துவோம். அவளைக் குளிக்கச் செய்து, உடுப்பைத் துவைத்துப் போடுவோம். பெரியவர்களைக் கூட்டி, காவல் நிலையம் போவதா வேண்டாமா என்று இரண்டு நாள் விவாதிப்போம். மருத்துவரின் நினைவு மட்டும் எவருக்கும் வருவதில்லை.

ஒரு காலத்தில் மருத்துவமனையும் இவ்வாறே கதவைச் சாத்தியது. ‘இது போலீஸ் கேஸ், காவல் நிலையத்திலிருந்து கடிதம் வாங்கி வாருங்கள்’ என்று திருப்பி அனுப்புவது வழக்கமாக இருந்தது. கர்நாடகத்திலிருந்து வந்த ஒரு வழக்கில், 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் இப்போக்கை வன்மையாகக் கண்டித்தது. போலீஸ் கடிதத்துக்காகக் காத்திருப்பதற்குள் சாட்சியம் அழிந்துவிடும் என்று அது எச்சரித்தது.

2012 டிசம்பரில் டில்லியில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின் நீதிபதி வர்மா குழு அமைக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து 2013இல் சட்டம் திருத்தப்பட்டு, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357-சி என்னும் பிரிவு சேர்ந்தது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவில் இது 397ஆம் பிரிவாக நிலைபெற்றிருக்கிறது. இதன் சாரம் மிக எளிது: அரசு மருத்துவமனையாயினும் தனியார் மருத்துவமனையாயினும், பாதிக்கப்பட்டவர் வந்தவுடன் இலவசமாகச் சிகிச்சை அளித்தாக வேண்டும். காவல்துறைக்குத் தகவல் தருவது மருத்துவமனையின் பொறுப்பு. கடிதம் கொண்டுவருவது அவளுடைய பொறுப்பன்று. மறுக்கும் மருத்துவமனையின் பொறுப்பாளருக்கு, பாரதிய நியாய சன்ஹிதாவின் 200ஆம் பிரிவின்படி ஓராண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம்.

இத்தனை அவசரம் ஏன்?

எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். எவ்வளவு முன்னதாகத் தொடங்கினாலும் அவ்வளவு நன்று. பின்னர் 28 நாட்கள் தொடர்ந்து உட்கொள்ள வேண்டும். கருத்தரிப்பதைத் தடுக்கும் அவசர மாத்திரையும் 72 மணி நேரத்துக்குள் சிறந்த பலன் தரும். மத்திய சுகாதார அமைச்சகம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதலின்படி, உடலிலிருந்து தடய மாதிரிகள் எடுப்பதற்குரிய காலம் 96 மணி நேரம். ஆகவே குளிப்பதற்கு முன் மருத்துவரிடம் செல்வதே உத்தமம். அணிந்திருந்த உடைகளைத் துவைக்காமல் காகிதப் பையில் வைத்து உடன் கொண்டு செல்லுங்கள். பிளாஸ்டிக் பை வேண்டாம், ஈரம் கோத்துத் தடயம் கெட்டுவிடும். குளித்தாயிற்று, நாட்கள் கழிந்தாயிற்று என்பதற்காகப் போகாமல் இருந்துவிடவும் கூடாது. காயங்களுக்கும், நோய்த் தொற்றுக்கும், உடைந்த உள்ளத்துக்கும் சிகிச்சை எப்போதும் உண்டு.

இராஜபாளையத்து மருத்துவர் எழுதும் ஒவ்வொரு வரியும், பின்னாளில் ஸ்ரீவில்லிபுத்தூரிலுள்ள மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அவளுக்காகப் பேசும் சாட்சியாகும். மருத்துவரிடம் செல்லத் தாமதித்த குடும்பம், அந்தச் சாட்சியின் வாயைத் தானே அடைத்துவிடுகிறது.

‘பரிசோதனை என்ற பெயரில் அவளை இன்னும் இழிவுபடுத்துவார்களே’ என்னும் அச்சம் நியாயமானதே. அவளுடைய முந்தைய வாழ்க்கையை எடைபோடும் ‘இருவிரல் சோதனை’ நெடுங்காலம் நடந்து வந்தது உண்மை. அதனை ஒழிக்குமாறு நம் பகுதிக்குரிய உயர் நீதிமன்ற மதுரைக் கிளை 2022 ஏப்ரலில் தமிழக அரசுக்கு உத்தரவிட்டது. அதைச் செய்பவர் ஒழுங்கீனம் புரிந்தவராவார் என்று அதே ஆண்டு அக்டோபர் 31இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இன்று அவளுடைய சம்மதமின்றி எந்தப் பரிசோதனையும் கூடாது. பரிசோதனை வேண்டாம் என்று அவள் மறுத்தாலும் சிகிச்சையை மறுக்க முடியாது. சிறுமியாயின் பெண் மருத்துவரே பரிசோதிக்க வேண்டும். பெற்றோரோ, அவள் நம்பும் ஒருவரோ உடனிருக்க வேண்டும் என்று 2012ஆம் ஆண்டின் போக்ஸோ சட்டம் கூறுகிறது.

‘ஊரறிந்தால் மானம் போய்விடுமே’ என்பது அடுத்த கேள்வி. அவளுடைய பெயரையோ அடையாளத்தையோ வெளியிடுவோருக்கு இரண்டாண்டு வரை சிறைத் தண்டனை உண்டு. அதனினும் முக்கியமாக ஒன்றைக் கேட்கிறேன். யாருடைய மானம் போகிறது? திருட்டுக் கொடுத்தவனை யாரும் திருடன் என்று சொல்வதில்லை. பலவந்தத்துக்கு ஆளானவர் மீது குற்றமில்லை என்பது நம் மார்க்கச் சட்டத்தின் தெளிவான விதி. அல்லாஹ் குற்றம் சுமத்தாத ஒருத்தி மீது நாம் குற்றம் சுமத்துவதற்கு நமக்கு அதிகாரம் தந்தவர் யார்?

ஜமாஅத் பெரியவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாதிக்கப்பட்டவர் பதினெட்டு வயது நிரம்பாதவராயின், செய்தியை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். மறைப்பது குற்றம். உட்கார்ந்து பேசி முடிப்பதற்கும், கெடுத்தவனுக்கே கட்டி வைப்பதற்கும் இங்கே இடமில்லை. குற்றவாளி பெரும்பாலும் குடும்பத்துக்கு அறிமுகமானவனே என்பதைத் தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் அறிக்கைகள் தொடர்ந்து காட்டி வருகின்றன. எனவே ‘நம்மவன்தானே’ என்ற சொல் சமாதானத்துக்குரியதன்று; எச்சரிக்கைக்குரியது.

சட்டம் எழுதப்பட்டுவிட்டதால் எல்லாம் நடந்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. நள்ளிரவில் பெண் மருத்துவர் இல்லாமற் போகலாம். பணியில் இருப்பவர் சட்டம் அறியாதவராக இருக்கலாம். அத்தகைய வேளையில் ‘397ஆம் பிரிவின்படி நீங்கள் சிகிச்சை அளித்தாக வேண்டும்’ என்று நிதானமாகச் சொல்ல ஒருவர் உடன் சென்றால், திறக்காத கதவும் திறக்கும். அந்த ஒருவர் தாயாகவோ, தமக்கையாகவோ, அண்டை வீட்டுப் பெண்மணியாகவோ இருக்கலாம்.

ஆகவே, பெண்களுக்கான உதவி எண் 181, குழந்தைகளுக்கான 1098, ஆம்புலன்ஸுக்கு 108, இம்மூன்றையும் வீட்டு நாட்காட்டியின் ஓரத்தில் எழுதி வையுங்கள். தங்குமிடம், மனநல ஆலோசனை, சட்ட உதவி ஆகியவற்றுக்கு மாவட்டந்தோறும் ‘சகி’ என்னும் ஒருங்கிணைந்த சேவை மையம் இருக்கிறது. இழப்பீடு கோருவதற்கு மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

இந்த எண்கள் எந்த வீட்டுக்கும் தேவைப்படாமலே போகட்டும் என்று துஆச் செய்வோம். ஆனால், தேவைப்படும் நாளில், நம் வீட்டுப் பிள்ளை முதலில் நம் முகத்தைத்தான் பார்ப்பாள். அங்கே அவள் கோபத்தையோ சந்தேகத்தையோ காணலாகாது. ‘வா அம்மா, மருத்துவமனைக்குப் போவோம், நான் உன்னோடு இருக்கிறேன்’ என்னும் சொல்லே அவள் காதில் முதலில் விழ வேண்டும்.