பெருநாள் ஜவுளியும் ஒரு புறக்கணிப்பும்

சென்ற வாரம் ஜும்ஆ முடிந்து பள்ளிவாசல் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோதே பேச்சு தொடங்கிவிட்டது. திருக்கோவிலூர்க் கடைத்தெருவில், நம் குடும்பங்கள் பலவும் ஆண்டுதோறும் பெருநாள் துணி எடுக்கும் ஒரு ஜவுளிக்கடை. அதன் உரிமையாளர் வீட்டு இளைஞர், நம் பெண்களின் புர்காவைக் கேலி செய்யும் படமொன்றை வாட்ஸ்அப்பில் பகிர்ந்திருக்கிறார். இந்த ரமலானில் ஒரு கைக்குட்டைகூட அங்கே வாங்கக் கூடாது என்றும், மீறி வாங்குகிறவர் பெயரைப் பள்ளியில் அறிவிக்க வேண்டும் என்றும் நம் இளைஞர்கள் கொதித்தார்கள். பேசியது பையன்தானே, கருத்துச் சொல்ல அவனுக்கும் உரிமை இருக்கிறதே என்றார் ஒரு பெரியவர். இரு தரப்பும் நம்மிடம் வந்து கேட்டதால் இதை எழுத நேர்ந்தது.

பெரியவர் சொன்னதில் பாதி சரி. பேசும் உரிமை அந்த இளைஞருக்கு உண்டு. ஆனால் அவருடைய கடையில்தான் துணி எடுத்தாக வேண்டும் என்ற கடமை நமக்கு இல்லை. வாங்க மறுப்பதும் ஒரு பேச்சுதான். அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் போர்ட் கிப்சன் என்ற சிற்றூரில், 1966-ல் கறுப்பின மக்கள் வெள்ளையர் கடைகளைப் புறக்கணித்தார்கள். நட்டம் கேட்டு வணிகர்கள் வழக்காடினார்கள். அமைதியான புறக்கணிப்பு பேச்சுரிமையின் பாதுகாப்புக்குள் அடங்கும் என்று அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 1982-ல் தீர்ப்பளித்தது. வன்முறைக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை என்றும் கூறியது. அங்கேயும் கடைவாசலில் ஆள் நிறுத்தி, மீறியவர்களின் பெயர்களைக் கூட்டங்களில் வாசித்தார்கள். நீதிமன்றம் அதையும் குற்றமாகக் கொள்ளவில்லை. சட்டம் அனுமதிக்கலாம்; ஆனால் அல்லாஹ்வின் வீட்டில் ஒரு ஏழைத் தாயின் பெயரை, மகளுக்குக் குறைந்த விலையில் பாவாடை எடுத்தாள் என்பதற்காக ஒலிபெருக்கியில் வாசிப்பதை நாம் ஏற்க மாட்டோம்.

மறுபக்கத்தையும் நாம் அறிவோம். 2020 அக்டோபரில் தனிஷ்க் நகைக்கடை ஒரு விளம்பரம் வெளியிட்டது. இந்து மருமகளுக்கு முஸ்லிம் மாமியார் வீட்டில் வளைகாப்பு. அவ்வளவுதான் கதை. தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாடாவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன் நிறுவனத்துடையது அந்தக் கடை. நகைப் பட்டறை நம் ஓசூரில் இருக்கிறது. புறக்கணிப்போம் என்ற கூச்சல் எழுந்து, அக்டோபர் 13 அன்று விளம்பரம் திரும்பப் பெறப்பட்டது. தன் ஊழியர்களின் நலனையும் நிறுவனம் காரணமாகச் சொன்னது. குஜராத்தின் காந்திதாம் கிளையில் மன்னிப்புக் கேட்டு ஒரு தாளை ஒட்டினார்கள். வாங்க மறுத்தவர்களோடு அந்தக் கூச்சல் நின்றிருந்தால் நாம் குறை சொல்ல இடமில்லை. கடை ஊழியர் அஞ்சும் நிலை வந்தபோது அது புறக்கணிப்பு என்ற பெயருக்குத் தகுதி இழந்தது. அதே ஆண்டு ஏப்ரலில், தப்லீக் மாநாட்டுச் செய்திக்குப் பிறகு, முஸ்லிம்களிடம் காய்கறியும் பழமும் வாங்காதீர்கள் என்று கைப்பேசிகளில் சுற்றிய செய்திகளை நம் தள்ளுவண்டிக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அவர்கள் எதுவும் சொல்லவுமில்லை, செய்யவுமில்லை. பெயர் ஒன்றே போதுமானதாக இருந்தது.

நம் கையும் முழுக்கச் சுத்தமானதன்று. 2013 சனவரியில் ‘விஸ்வரூபம்’ படத்தை எதிர்த்து நம் அமைப்புகள் அரசிடம் சென்றன. மாவட்ட ஆட்சியர்கள் 144 தடை உத்தரவு பிறப்பித்தார்கள். எங்கள் ஊர் அப்போது விழுப்புரம் மாவட்டத்தில் இருந்தது. சில காட்சிகளில் மாற்றம் செய்ய ஒப்புக்கொண்ட பிறகு பிப்ரவரி 7 அன்றுதான் படம் தமிழகத்தில் வெளிவந்தது. நமக்கு வருத்தம் இருந்தது உண்மை. படத்தைப் பார்க்காமல் இருந்திருக்கலாம், எதிர்த்து எழுதியிருக்கலாம், திரையரங்குக்கு வெளியே துண்டறிக்கை கொடுத்திருக்கலாம். நாம் செய்தது மற்றவர்களும் பார்க்க முடியாதபடி அரசின் கையால் கதவை அடைத்தது. ஏழு ஆண்டுகள் கழித்து ஒரு வளைகாப்பு விளம்பரத்துக்காக நாம் கருத்துரிமை பேசியபோது, அன்றைய கதவை யாராவது நினைவூட்டியிருந்தால் பதில் சொல்லச் சிரமப்பட்டிருப்போம்.

புறக்கணிப்பின் கொடுமையை நம்மைவிட நன்கு அறிந்த சமுதாயம் எது? அபூதாலிப் கணவாயில் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் கொடுக்கல் வாங்கல் மறுக்கப்பட்டுப் பசித்தவர்கள் நபி (ஸல்) அவர்களின் குடும்பத்தார். பிற்காலத்தில் யமாமாவின் தலைவர் சுமாமா பின் உஸால் (ரலி) இஸ்லாத்தை ஏற்று, மக்காவுக்குத் தானியம் செல்வதை நிறுத்தினார். கணவாயில் பிறரைப் பட்டினி போட்ட அதே குறைஷியர் இப்போது மதீனாவுக்குக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. தானியத்தை அனுப்பிவிடுமாறு நபியவர்கள் சுமாமாவுக்குச் சொல்லி அனுப்பினார்கள் என்று இப்னு ஹிஷாம் பதிவு செய்கிறார். அப்போது பகை இன்னும் தீரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இனி அந்த ஜவுளிக்கடைக்கு வருவோம். இளைஞரின் படம் நம்மை ஒரே நாளில் எழுப்பிவிட்டது. ஆனால் அதே கடையில் மணலூர்ப்பேட்டை, ரிஷிவந்தியம் பக்கத்துக் கிராமங்களிலிருந்து பேருந்தில் வந்து வேலை செய்யும் பெண்கள், நம் வீட்டுப் பெண்களும் இருவர் அவர்களில் உண்டு, காலையிலிருந்து இரவு வரை நின்றுகொண்டே துணி விரித்துக் காட்டுகிறார்கள். வாடிக்கையாளர் இல்லாத நேரத்திலும் உட்காரக் கூடாது. நாம் பாயில் அமர்ந்து நாற்பது சேலைகளைப் பிரிக்கச் சொல்லியிருக்கிறோம். அவர்களுடைய வீங்கிய கால்களைப் பார்த்ததில்லை. கோழிக்கோட்டில் கடைப் பெண்கள் ஆண்டுக்கணக்கில் போராடியதன் பயனாகக் கேரளம் 2018-ல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழ்நாடும் 2021-ல் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ பிரிவைச் சேர்த்து, ஊழியர்க்கு இருக்கை தருவதைக் கட்டாயமாக்கியது. சட்டம் வந்த பிறகும் அந்தக் கடையில் நாற்காலி வரவில்லை. ஒவ்வொரு பெருநாளுக்கும் நாம் மட்டும் தவறாமல் சென்றுவந்தோம்.

சொல்லுக்குச் சொல்லால் பதில் சொல்லலாம். அந்த இளைஞரை அழைத்து, அவர் கேலி செய்த உடையை அணியும் ஒரு பெண்மணியே பேசட்டும். நம்மில் நன்றாகப் பேசக்கூடியவர்கள் இருக்கிறார்கள். அதன் பிறகும் மனம் ஒப்பாதவர் வேறு கடைக்குச் செல்லட்டும், யாரும் யாரையும் வாசலில் நின்று எண்ண வேண்டாம். ஆனால் ஊர்கூடி ஒரு கடையைத் தவிர்ப்பதென்றால், அது அந்தக் கடை செய்யும் காரியத்துக்காக இருக்க வேண்டும். இந்தக் கடையில் அதற்கான காரணம் பல ஆண்டுகளாகக் கண்ணெதிரே நின்றுகொண்டிருக்கிறது.

ஜமாஅத் நிர்வாகத்திடம் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறோம். இருக்கை போட வேண்டும் என்று உரிமையாளரைக் கேட்கிற கடிதம் அது. இளைஞரின் படத்தைப் பற்றி அதில் ஒரு வரியும் இல்லை. வேலை போய்விடும் என்று அந்தப் பெண்கள் அஞ்சுவதால் யாருடைய பெயரையும் சேர்க்கவில்லை. பெருநாளுக்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. பதில் வரும்வரை நாம் துணி எடுக்கப் போவதில்லை.