நிலத்துக்கேற்ற கருவி, கருவிக்கேற்ற டிராக்டர்

மீஞ்சூர், பொன்னேரி வட்டாரங்களில் விளைநிலங்கள் பல தரிசாகிப் புதர் மண்டிக் கிடப்பதை அங்கத்தினர்கள் அறிவார்கள். சென்னை நகரின் குடிநீருக்கும் மணலி ஆலைகளுக்கும் நிலத்தடி நீர் மிகுதியாக இறைக்கப்பட்டமையால், 1960களின் இறுதியிலிருந்து கடல் நீர் உட்புகுந்து கிணறுகள் உப்பாயின. பயிர் நீங்கிய இடத்தில் சீமைக்கருவேல் குடியேறியது. இந்நிலங்களைத் திருத்துவதற்காகச் சங்கங்கள் டிராக்டரும் புதர் வெட்டும் கருவியும் வாங்கி, அங்கத்தினர்களுக்கு வாடகைக்கு விட முன்வருவது போற்றத்தக்கதே. ஆயினும், வாங்கும் முறையைப் பற்றி நாம் சில சொல்ல வேண்டியிருக்கிறது.

எத்தனை குதிரைச் சக்தியுள்ள டிராக்டர் வாங்கலாம் என்பதே நிர்வாகக் குழுக்களில் முதலில் எழும் கேள்வி. இது தலைகீழான முறை என்பது நமது கருத்து. நெசவாளர் எவரும் அச்சை வாங்கிவிட்டு அதற்கேற்ற நூலைத் தேடுவதில்லை. அதுபோல், நிலத்தையும் புதரையும் முதலில் பார்த்துக் கருவியின் அகலத்தைத் தீர்மானிக்க வேண்டும். டிராக்டரைப் பற்றிப் பிறகே பேச வேண்டும்.

விற்பனையாளர் கூறும் சக்தி எஞ்சினுடையது. பின்னால் கருவியைச் சுழற்றும் பி.டி.ஓ. தண்டுக்கு அதில் ஏறக்குறைய 85 சதவிகிதமே வந்து சேரும். 45 குதிரைச் சக்தி எஞ்சினாயின், தண்டில் சுமார் 38 கிடைக்கும். சுழல் வெட்டியின் அகலத்தில் ஓர் அடிக்குப் புல்லாயின் 5, அடர்ந்த புதராயின் 6 அல்லது 7 குதிரைச் சக்தி தண்டில் வேண்டும் என்பது பொதுவான கணக்கு. ஆகவே, புதர் வெட்ட 5 அடிக் கருவிக்கு 45 குதிரைச் சக்தி டிராக்டர் போதுமானது. அதே டிராக்டரில் 7 அடிக் கருவியைப் பூட்டினால் எஞ்சின் திணறும். கிளட்ச் விரைவில் தேயும். பின்பாரம் மிகுந்து முன்சக்கரங்கள் தூக்கலாம். அது ஓட்டுநரின் உயிருக்கே ஆபத்து. மாறாக, 4 அடிக் கருவிக்கு 60 குதிரைச் சக்தி டிராக்டரை வாங்குவது பங்குத்தொகையை வீணில் முடக்குவதாகும்.

ஓட்டும் முறையும் முக்கியம். தண்டு நிமிடத்துக்கு 540 சுற்று சுழலும்போதுதான் கத்தி சரியாக வெட்டும். புதர் அடர்ந்தால் கியரைக் குறைக்க வேண்டுமேயன்றி, எஞ்சின் வேகத்தைக் குறைத்தல் கூடாது.

மற்றொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எவ்வளவு சக்தியுள்ள டிராக்டரும் சீமைக்கருவேலை ஒழித்துவிடாது. மேலே வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து பல கிளைகளாக மீண்டும் துளிர்க்கும். முற்றிய மரங்களைப் பொக்லைன் கொண்டு வேரோடு அகற்றுவதே முறை. ஒருமுறை செய்யும் அவ்வேலைக்கு இயந்திரத்தை வாடகைக்குப் பெறுவதே சிக்கனம். அதன்பின் ஆண்டுதோறும் முளைக்கும் புல்லையும் இளஞ்செடியையும் வெட்டச் சங்கத்தின் நடுத்தர டிராக்டரே போதும்.

ஆகையால், விலைப்பட்டியல் கேட்குமுன் ஒவ்வொரு சங்கமும் தன் அங்கத்தினர்களின் தரிசு எத்தனை ஏக்கர், அதில் புல் எவ்வளவு, மரம் எவ்வளவு என்று கணக்கெடுத்துப் பொதுக்குழுவின் முன் வைக்க வேண்டும். இன்றைய திருவள்ளூர் மாவட்டத்துத் திரூரில் 1904ஆம் ஆண்டிலேயே கூட்டுறவுக் கடன் சங்கம் தோன்றியது. சிறு விவசாயியைக் கடன் சுமையிலிருந்து காப்பதே அவ்வியக்கத்தின் நோக்கம். அவன் செலுத்திய பங்குத்தொகையைப் பொருந்தாத இயந்திரத்தில் இட்டுப் புதிய கடனை அவன் தலையில் ஏற்றுவது கூட்டுறவு ஆகாது.