மாற்று சிகிச்சையும் கீமோதான்

ஏஎல் அமிலாய்டோசிஸ் நோய்க்கு ஸ்டெம் செல் மாற்றுதான் ஒரே தீர்வாம். கீமோ வெறும் விஷமாம். இபிஎஃப் பணத்தை எடுத்தாவது மாற்றுக்குப் போய்விட வேண்டுமாம். ஆயர் ஈத்தாமில் நோயாளியின் வீடு தேடி வந்து இப்படி உபதேசம் செய்கிறார் ஒருவர். இந்த வாதத்துக்கு அடித்தளமே இல்லை.

மாற்று சிகிச்சையில் நோயைத் தாக்குவது ஸ்டெம் செல் அல்ல, மெல்ஃபலான் என்ற கீமோ மருந்து. உடல் பரப்பில் சதுர மீட்டருக்கு 200 மில்லிகிராம் வரை அதை ஏற்றுகிறார்கள். அதில் எலும்பு மஜ்ஜையும் அழிந்துபோகும். அதனால்தான் முன்பே எடுத்துவைத்த நோயாளியின் சொந்த ஸ்டெம் செல்களைத் திரும்பச் செலுத்துகிறார்கள். கீமோவை விஷம் என்பவர், அதன் உச்ச அளவைத்தான் மருந்தென்று பரிந்துரைக்கிறார்.

பழுதான பிளாஸ்மா செல்கள் சுரக்கும் புரதம் இதயத்திலும் சிறுநீரகத்திலும் படிவதுதான் இந்த நோய். விறைத்துப்போன இதயம் அவ்வளவு மருந்தைத் தாங்குமா என்று அவர் கேட்கவே இல்லை. 100 நோயாளிகளிடம் மாற்றையும் மாத்திரை வழி கீமோவையும் ஒப்பிட்ட பிரெஞ்சு ஆய்வு 2007இல் வெளிவந்தது. மாற்றுப் பிரிவினரின் இடைநிலை ஆயுள் 22.2 மாதம், மெல்ஃபலானும் டெக்ஸாமெத்தசோனும் மாத்திரையாக எடுத்தவர்களுக்கு 56.9 மாதம். மாற்று செய்துகொண்ட 37 பேரில் 9 பேர் 100 நாளுக்குள் இறந்தார்கள்.

இதயம் மிகவும் கெட்டவர்களையும் அந்த ஆய்வில் சேர்த்துவிட்டார்கள் என்று அவர் மறுக்கலாம். உண்மைதான். ஆனால் அந்த மறுப்பு அவரையே வீழ்த்துகிறது. மாற்று எல்லாருக்குமானது அல்ல என்பதுதானே அதன் பொருள்? பாஸ்டன் போன்ற அனுபவமிக்க மையங்களில் மாற்றுக்குப் பின் பத்தாண்டுக்கு மேல் வாழ்ந்தவர்கள் உண்டு. அவர்கள் இதயத்தைச் சோதித்துத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். இதயப் பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின்-டி ரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 0.06 நானோகிராமைத் தாண்டினால் மாற்றைத் தவிர்ப்பதே வழக்கம்.

மற்ற சிகிச்சைகளும் 2007இலேயே நின்றுவிடவில்லை. 388 பேர் பங்கேற்ற ஆண்ட்ரோமெடா ஆய்வில், கீமோ கூட்டு மருந்துகளோடு டராடுமுமாப் என்ற மருந்தையும் சேர்த்தவர்களில் 53 விழுக்காட்டினரின் ரத்தத்தில் பழுதான புரதம் முழுதாக அடங்கியது. சேர்க்காதவர்களில் 18 விழுக்காடுதான். 2021இல் வெளியான இந்த முடிவு அவர் காதுக்கு எட்டவில்லை போலும்.

இதயப் பரிசோதனை முடிவைப் பாராமல் சிகிச்சை சொல்ல இவருக்கு யார் உரிமை கொடுத்தது? அம்பாங் மருத்துவமனையில் ரத்தவியல் நிபுணர்கள் இருக்கிறார்கள். முடிவை அவர்களிடம் விடுங்கள். அவர்கள் கீமோவைத் தொடங்கச் சொன்னால், மாற்றுக்குப் பணம் திரட்டிக்கொண்டு காத்திருக்காதீர்கள். காத்திருக்கும் ஒவ்வொரு வாரமும் இதயத்தில் புரதம் கூடுகிறது. இந்த உபதேசத்தைக் கேட்டு நாளைத் தள்ளுவதுதான் இந்த நோயில் உண்மையான விஷம்.