இமயம் தரும் மின்கணக்கு

மின்னுற்பத்தி குறித்து அரசுகள் வெளியிடும் பெரிய இலக்கங்களை நாம் சற்று ஐயத்துடனேயே நோக்குவதுண்டு. நேபாளம், பூட்டான் ஆகிய இரு நாடுகளின் அனுபவம் அந்த ஐயத்தை மேலும் வலுப்படுத்துகின்றது.

நேபாளத்தின் முதலாவது நீர்மின் நிலையம் 1911 ஆம் ஆண்டிலேயே பர்பிங்கில் இயங்கத் தொடங்கிவிட்டது. பூட்டானின் தலைநகர் மின்னொளியைக் கண்டது 1960களில்தான். ஆயினும் 2007 இல் பூட்டானின் மின்னுற்பத்திக் கொள்ளளவு சுமார் 1,500 மெகாவாட்டை எட்டியிருந்தது. முப்பது மடங்குக்கும் அதிகமான சனத்தொகையைக் கொண்ட நேபாளத்திடம் அதில் பாதிதானும் இருக்கவில்லை.

காரணம் ஆறுகளில் இல்லை, அரசியலிலேயே உள்ளது. பூட்டான் 1974 இல் இந்தியாவுடன் உடன்படிக்கை செய்து, 60 வீதம் நன்கொடையாகவும் 40 வீதம் கடனாகவும் பெற்ற நிதியில் 336 மெகாவாட் சுக்கா நிலையத்தை அமைத்தது. பின்னர் 1,020 மெகாவாட் தாலா நிலையமும் அதே நிழலில் எழுந்தது. நேபாளமோ கோசி, கண்டகி ஒப்பந்தங்களில் தான் ஏமாற்றப்பட்டதாகக் கருதி, இந்தியாவுடன் மீண்டும் ஒப்பமிடத் தயங்கியது. அருண் திட்டத்திலிருந்து 1995 இல் உலக வங்கி விலகிக்கொண்டது. 1996 முதல் 2006 வரை நீடித்த உள்நாட்டுப் போர் எஞ்சியதையும் முடக்கியது. போர் ஒரு நாட்டின் கட்டுமானங்களை எவ்வாறு பின்தள்ளும் என்பதை எமது வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 2009 இன் தொடக்கத்தில் காத்மண்டு மக்கள் நாளொன்றுக்கு 16 மணிநேரம் வரை இருளில் இருந்தனர்.

இன்று நிலைமை மாறிவிட்டது. இரு நாடுகளுமே 3,000 மெகாவாட்டைக் கடந்துள்ளன. 2016 இன் பின்னர் நேபாளத்தில் மின்வெட்டு படிப்படியாக முடிவுக்கு வந்தது. ஆனால், அதற்கு முதலில் கைகொடுத்தது புதிய நிலையங்களன்று. இந்தியாவிலிருந்து வாங்கிய மின்சாரமும் விநியோக நிர்வாகச் சீர்திருத்தமுமேயாகும்.

இங்குதான் கொள்ளளவு என்ற சொல் ஏமாற்றுகின்றது. இவ்விரு நாடுகளின் நிலையங்களிற் பெரும்பாலானவை நீரைத் தேக்கிவைப்பன அல்ல. ஆற்றின் ஓட்டத்தையே நம்பியிருப்பவை. குளிர்காலத்தில் ஆறு மெலியும்போது உற்பத்தியும் சரிந்துவிடுகின்றது. மழைக்காலத்தில் மின்சாரத்தை விற்பவர்கள் குளிர்காலத்தில் அதே இந்தியாவிடம் வாங்குகின்றனர். வாங்குபவரும் விற்பவரும் ஒருவராகவே இருக்கையில் நிபந்தனைகளும் அவருடையனவாகிவிடுகின்றன. சீனப் பங்களிப்புள்ள நிலையங்களின் மின்சாரத்தை இந்தியா கொள்வனவு செய்ய மறுப்பதால், நேபாளம் தன் நிலையங்களைத் தரம்பிரித்தே விற்க வேண்டியுள்ளது. 2024 நவம்பரில் பங்களாதேஷுக்கு நேபாளம் வழங்கத் தொடங்கிய 40 மெகாவாட் கூட இந்தியக் கம்பிகள் வழியாகவே சென்றது.

இது நமக்கும் தொலைவான விடயமல்ல. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டை அனுபவித்தவர்கள் நாம். நம் நாட்டின் மிகப்பெரிய அனல்மின் நிலையமான நுரைச்சோலை சீனக் கடனில் எழுந்தது. இந்தியாவுடன் மின்னிணைப்பை ஏற்படுத்துவதற்கான புரிந்துணர்வு உடன்படிக்கை 2025 ஏப்ரலில் கொழும்பில் கைச்சாத்தானது. அந்த இணைப்பினூடாக எத்தனை மெகாவாட் வரும் என்ற கேள்விக்கு முன்னதாக, எந்த நிலையத்தின் மின்சாரத்தை, என்ன விலைக்கு, யாருக்கு விற்கலாம் என்பதைத் தீர்மானிக்கும் உரிமை எவரிடம் இருக்கும் என்பதை அரசாங்கம் பாராளுமன்றத்தில் விளக்க வேண்டும்.